வலது பக்கம் பை வைத்த சட்டை

"வழிய விடு. கடைசியா சொல்றேன்."

"விடமாட்டேன்க்கா. வேணும்னா என்னைத் தள்ளிட்டு இறங்குங்க."

"தள்ளுவேன். தள்ளமாட்டேன்னு நினைச்சியா? உன் கூடப் பிறந்தவனா இருந்தா நீ இப்படிக் குறுக்க நிப்பியா?"

இரண்டாம் மாடிப் படிக்கட்டில் இந்தச் சத்தம் கேட்டபோது நான் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். துணியை முந்தின நாளே எடுத்து மடித்து வைத்தாகிவிட்டது என்பது வேறு விஷயம். ஒரு கட்டடத்தில் சத்தம் கேட்டால் யாராவது ஒருவர் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். மற்றவர்களெல்லாம் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நான் படியில் நின்றேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மேல்படியில், சக்கரம் வைத்த பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றவர் மூன்றாம் மாடி மருந்துக்கடை அக்கா. லிஃப்ட் வழக்கம்போல் மக்கர். கீழே, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் சுவரையும் பிடித்து வழிமறித்துக்கொண்டு நின்றது இரண்டாம் மாடி சிஐடி. அக்காவுக்கு அன்று மத்தியானம் விமானம். காணாமல்போன தம்பியைத் தேடிப் போகிறார். அவரைப் போகவிடக் கூடாது என்று இவள் நிற்கிறாள். ஏன் என்று சொன்னால் இவளுக்கு வேலை போகும், அதைவிடப் பெரிதாக வேறொன்றும் போகும். சொல்லாவிட்டால் அக்காவே போய்விடுவார், திரும்பி வராத இடத்துக்கு.

சிஐடி என்பது நாங்கள் வைத்த பெயர். வேறு நாடுகளில் நடக்கிற போர்களில் யார் யாரைக் கொன்றார்கள் என்று விசாரிக்கிற சர்வதேச அமைப்பு ஒன்றில் அவளுக்கு உத்தியோகம். பகுப்பாய்வாளராம். அந்த வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும், அதனால் சிஐடி.

வேலை என்னவென்றால் படம் பார்ப்பது. சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தேன். உட்கார்ந்த இடத்தில் படம் பார்க்கச் சம்பளமா, எனக்கும் ஒன்று வாங்கிக் கொடு என்று கேட்டேன். அப்புறம்தான் தெரிந்தது. போர் நடந்த ஊர்களிலிருந்து செல்போன் வீடியோக்கள் வந்து குவியும். பாதியைச் சிப்பாய்களே எடுத்திருப்பார்களாம், கல்யாண வீடியோ மாதிரி, பின்னால் சிரிப்புச் சத்தத்தோடு. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, இது எந்த ஊர், எந்தத் தெரு, நிழல் விழுகிற பக்கத்தை வைத்து என்ன நேரம், கட்டளை போட்டவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கொல்லப்படுகிறவர்களைப் பார்க்கிற வேலை இல்லை அது. அவர்களுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த்தொட்டியைப் பார்க்கிற வேலை.

அவளுடைய ஆபீசுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத்தான் போனேன், வேறு எதற்குமில்லை. வாசலிலேயே என் செல்போனைப் பிடுங்கி இரும்புப் பெட்டிக்குள் போட்டார்கள். ஜன்னல்களில் உள்பக்கமாகப் பால்நிறக் காகிதம். மேஜைக்கு மேஜை இரண்டு திரை, ஒரு பெட்டி டிஷ்யூ. யார் முகத்திலும் அழுத தடம் இல்லை, ஆனால் டிஷ்யூப் பெட்டி எல்லாமே பாதி காலி. யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதி எல்லாம் அவள் புருஷன் சொன்னது. அவர் பல் டாக்டர். கல்லு மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கிற பெண்டாட்டிக்கும் சேர்த்துப் பேசுகிற மனிதர். பிரச்சினை எல்லாம் வெடித்து முடிந்த பிறகு ஒரு நாள், என்னை நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சைத் திணித்து, கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே முழுக் கதையையும் சொன்னார். எனக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. "ஆ" மட்டும்தான் வந்தது. நான் அனுபவித்த சித்திரவதைகளில் அது ஒன்று.

மருந்துக்கடை அக்கா அப்படிப் போர் நடந்த ஒரு நாட்டுக்காரர். தெருமுனையில் கடை. வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டால் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைவார். அவருடைய தம்பி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். ராணுவம் ஊருக்குள் வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆண்களை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதில் அவனும் போனான். கூட நின்ற அவன் பெண்டாட்டி கண்ணெதிரே ஏற்றினார்கள். அவள் தப்பி இங்கே வந்து நாத்தனாரோடு இருக்கிறாள், சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறாள். நாத்தனாரைக் கூப்பிடுவது அண்ணி என்று. அண்ணி ரொம்ப நல்லவர், ஆனால் வீட்டில் யாரும் "தம்பி இருந்தான்" என்று பேசக் கூடாது. "இருக்கான்" என்றுதான் பேச வேண்டும். ஒரு தடவை என் வாய் தவறிவிட்டது. அடுத்த ஒரு மாதம் எனக்கு அந்தக் கடையில் தலைவலித் தைலம்கூடக் கிடைக்கவில்லை.

சிஐடி மட்டும் மூன்றாம் மாடிக்கு ஏறவே மாட்டாள். எதிரே பார்த்தால் ஒரு தலையாட்டல், கடையில் ஒரு மாத்திரை அட்டை, அதோடு சரி. தலைக்கனம் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அது தலைக்கனம் இல்லையாம், விதியாம். அந்த நாட்டு ஜனங்களோடு ஒட்டி உறவாடினால் நாளைக்கு யார் சாட்சியாக வருவார்களோ தெரியாது, அதனால் தள்ளி நிற்க வேண்டும். நாங்கள் அவளைப் பற்றி என்னென்ன பேசியிருந்தோம் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

அப்படித் தள்ளி நின்றவளை ஒரு நாள் மேலே இழுத்தது தம்பி பெண்டாட்டியின் மயக்கம். வேலை முடிந்து வந்தவள் காய்ச்சலோடு படியில் சுருண்டு விழுந்துவிட்டாள். நானும் சிஐடியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். அக்கா ஓடிவந்து கட்டிலில் படுக்க வைத்தார், ஊசி போட்டார், எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். எதிர்ச் சுவரில் தம்பியின் படம். ஒரு கடை வாசலில் நின்று சிரிக்கிறான், சட்டைப் பையில் இரண்டு பேனா. சாதாரணப் படம். நான் எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

சிஐடி அதைப் பார்த்தாள். எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். அப்புறம், "அக்கா, இந்தப் படம் இடவலமா மாறியிருக்கா?" என்று கேட்டாள்.

அக்கா சிரித்தார். எல்லாரும் இதைத்தான் கேட்பார்களாம். தம்பிக்கு இடது கைப் பழக்கம், சட்டைத் துணி எடுத்துக் கொடுக்கும்போதே பையை வலது பக்கம் வைக்கச் சொல்லிவிடுவான், பின்னால் கடை போர்டைப் பாருங்கள், எழுத்து நேராகத்தானே இருக்கிறது என்றார். சிஐடி போர்டைப் பார்த்தாள். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, ஆபீசில் வேலை என்று சொல்லி இறங்கிவிட்டாள். டீ நன்றாக இல்லையோ என்று அக்கா வருத்தப்பட்டார். நன்றாகத்தான் இருந்தது, அவளுக்குப் பாந்தமாகப் பழகத் தெரியாது என்று நான் ஆறுதல் சொன்னேன்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தின வருஷம் அவள் மேஜைக்கு ஒரு வீடியோ வந்திருக்கிறது. நீள மதில், அதன் ஒரு ஓரத்தில் உயரமான இரும்புப் புகைபோக்கி. மதிலோரம் கைகள் பின்னால் கட்டப்பட்ட ஆண்கள். ஒருத்தனைத் தவிர எல்லாரும் சட்டையில்லாமல். ஒரு பெயர்ப்பலகை இல்லை, வண்டி நம்பர் இல்லை, தண்ணீரில் ஊறிய மாதிரி மங்கல். ஒரே ஒரு தடவை அதிகாரி ஒருவன் போனுக்குக் கிட்டே வந்து முகத்தைக் காட்டுகிறான். அந்த முகத்தை எல்லாருக்கும் தெரியும். போர் முடிந்து பெரிய பதவிக்குப் போய்விட்டவன், ரிப்பன் வெட்டுகிறவன்.

முகம் தெரிந்தால் போதாதா என்று நானும் கேட்டிருப்பேன், வாயில் பஞ்சு இல்லாவிட்டால். போதாதாம். எந்த ஊர், எந்த நாள் என்று தெரியாவிட்டால் அவனுடைய வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார். அவன் முகம் காட்டியதற்குப் பின்னால் மதிலோரம் என்ன நடந்தது என்பதை அவள் டாக்டரிடமும் சொல்லவில்லை.

இந்த மாதிரி வீடியோக்களை இணையத்தில் போடுகிறவர்கள், தளத்துக்காரர்கள் நீக்கிவிடாமல் இருப்பதற்காக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாக மாற்றிப் போடுவது வழக்கம். அதைக் கண்டுபிடிப்பதுதான் இவர்கள் கற்றுக்கொள்கிற முதல் பாடம். சட்டை போட்டிருந்த ஒருத்தனுக்குப் பை வலது பக்கம் இருந்தது. உலகத்தில் எந்த ஆம்பிளைச் சட்டைக்கும் பை இடது பக்கம்தான். ஆகவே படம் மாற்றிப் போட்டது என்று எழுதினாள் கெட்டிக்காரி. படத்தை "நேராக்கி", புகைபோக்கி அந்தப் பக்கம் இருக்கிற மதிலை அந்த நாடு முழுக்கச் செயற்கைக்கோள் படத்தில் தேடினாள். இல்லாத மதில் எங்கே கிடைக்கும்? இடம் தெரியவில்லை என்று வீடியோ கிடப்புக்குப் போனது. அவனும் இன்னும் கொஞ்சம் ரிப்பன் வெட்டினான்.

மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிப் போனவள் அன்றைக்கே படத்தைத் திருப்பிப் போட்டாள். விடிவதற்குள் இடம் கிடைத்துவிட்டது. மூடிக் கிடந்த பழைய ஐஸ் ஃபேக்டரி. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம்.

மறுநாள் மேலதிகாரியான பெரிய வக்கீலிடம் போய், தப்பு என்னுடையது, இறந்தவன் குடும்பம் என் மாடிக்கு மேல் மாடியில் இருக்கிறது என்று இரண்டையும் சொன்னாள். அவர் வழக்கை அவள் கையிலிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். கூடவே ஒரு பூட்டும் போட்டார். அக்காவிடமோ தம்பி பெண்டாட்டியிடமோ மூச்சு விடக் கூடாது. விசாரணை அதிகாரிகள் வந்து, அவன் எந்த நாள் போனான், என்ன உடுத்தியிருந்தான் என்று அவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் அவர்களுக்கு ஏதாவது தெரிந்துவிட்டால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு தூக்கி எறிந்துவிடும். நியாயமான பேச்சுத்தான். எப்போது வருவார்கள் என்று கேட்டிருக்கிறாள். கூடிய சீக்கிரம் என்றிருக்கிறார்.

கூடிய சீக்கிரம் வரவேயில்லை. அனுமதி வரவில்லை, மொழிபெயர்ப்பாளர் லீவு, நிதியாண்டு முடிகிறது, புது நிதியாண்டு தொடங்குகிறது. இவள் போய்ப் போய்க் கத்தினாள். ஒரு தடவை பெரிய வக்கீலின் மேஜையில் இருந்த டிஷ்யூப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாளாம். உங்களுக்கு ஓய்வு தேவை என்று அவர் அன்பாகச் சொன்னாராம். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்றார் டாக்டர். வீட்டில் பாத்திரம் ஒன்று விடாமல் நெளிந்திருந்தது. சத்தம் எங்களுக்குக் கேட்கும். பாவம் அந்த மனுஷன், அவளோடு குடித்தனம் நடத்தும் அவஸ்தையைப் பார் என்று நாங்கள் டாக்டருக்காகப் பரிதாபப்பட்டோம்.

இதற்கு நடுவில் அக்காவுக்கு ஒரு போன். அந்த ஊர்க்காரன் ஒருவன், தம்பியைப் பக்கத்துத் தொழிலாளர் முகாமில் உயிரோடு பார்த்தேன் என்றான். பொய்யோ, ஆள் மாறாட்டமோ, யார் கண்டது. அக்கா அன்றே டிக்கெட் எடுத்தார். அதற்கு முன்னால் இப்படித் தேடிப் போன ஓர் அம்மா முகாம் வாசலில் பெயரைச் சொல்லிக் கேட்டதோடு சரி, அப்புறம் அவரையும் தேட வேண்டியதாகிவிட்டது. தம்பி பெண்டாட்டி கெஞ்சிப் பார்த்தாள். அக்கா பெட்டியில் தம்பிக்கு உள்பனியன் அடுக்கிக்கொண்டிருந்தார்.

படிக்கட்டுக்கு வருகிறேன்.

"உனக்கென்ன வந்தது?" என்றார் அக்கா. "என் தம்பி முகாம்ல இருக்கான். நான் போறேன். நீ யாரு?"

"அங்க இல்லைக்கா."

"எப்படித் தெரியும்?"

சுவரில் இருந்த சிஐடியின் கை இறங்கியது.

அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். "உன் வேலையில பார்த்தியா?"

"இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"உயிரோட பார்த்தியா?"

சிஐடி கைப்பிடியிலிருந்த கையையும் எடுத்தாள். வழி திறந்துதான் கிடந்தது, அக்கா இறங்கவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார் அக்கா. குரல் தணிந்துவிட்டது.

"உங்க தம்பி சம்சாரம் மயங்கி விழுந்த அன்னிலேர்ந்து."

அக்கா அறைந்தார். ஒன்றல்ல. அவள் முகத்தைத் திருப்பவில்லை, கையால் தடுக்கவுமில்லை.

"தினம் கடைக்கு வந்து தலைவலி மாத்திரை வாங்கினியேடி. தம்பி வரட்டும், உன்னைச் சாப்பிடக் கூப்பிடறேன்னு சொன்னேன். சரிக்கான்னு சொன்ன. எந்த வாயால சொன்ன? நான் அவனுக்குத் துணி எடுத்து வச்சிட்டிருக்கேன், நீ கீழ்வீட்டுல உக்காந்து அவன் செத்ததைத் தள்ளித் தள்ளிப் பார்த்திட்டிருக்க."

"திட்டுங்க. அடிங்க. ஆனா போகாதீங்க. என்கிட்ட எங்கன்னு கேக்காதீங்க, எப்படின்னு கேக்காதீங்க. அவங்க வந்து உங்களைக் கேக்கட்டும். நான் இன்னும் ஒரு வார்த்தை சொன்னா அவன் தப்பிச்சிடுவான்."

"எவன்?"

"அதையும் கேக்காதீங்க."

அப்போதுதான் மேல்படியில் தம்பி பெண்டாட்டி நிற்பதைப் பார்த்தேன். இறங்கி வந்து பெட்டியை எடுத்தாள். "எனக்கு ரொம்ப நாளாவே தெரியும் அண்ணி. நீங்கதான் சொல்ல விடலை. மேல வாங்க," என்றாள். அழுகையோ நடுக்கமோ ஒன்றுமில்லை. அவள் முன்னால் ஏற, அக்கா பின்னால் ஏறினார். விமானம் அவரில்லாமல் போனது.

சிஐடி அன்றே ஆபீசுக்குப் போய், விதியை மீறிவிட்டேன், இன்ன வார்த்தை சொன்னேன், இன்னது சொல்லவில்லை என்று தன் மேலேயே புகார் எழுதிக் கொடுத்தாள். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். இத்தனை மாதமாக ஓர் ஆளை அனுப்ப வழியில்லாத அமைப்பு, மறுவாரமே மூன்று பேரை அனுப்பியது. கொன்றவனைப் பிடிக்க இல்லை, வாய் திறந்தவளை விசாரிக்க. வந்ததுதான் வந்தோம் என்று அக்காவிடமும் தம்பி பெண்டாட்டியிடமும் வாக்குமூலம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தார்களே, அதுவரை சரி. லாரியில் ஏற்றிய நாளும் சட்டையின் பையும் அப்படித்தான் பதிவில் ஏறின.

படிக்கட்டில் என்ன பேசினார்கள் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டார்கள். கட்டடத்துக்கே காது செவிடு. டிவி ஓடியது, குளித்துக்கொண்டிருந்தேன், வெளியூரில் இருந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார், நமக்கேன் வம்பு என்று. நான் முழுவதையும் சொன்னேன், யார் எந்தப் படியில் நின்றார்கள் என்பது முதல். பின்னால் வழக்கு நடந்தபோது திரை வழியாக எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்பது உங்கள் வழக்கமா என்று கேட்டார், மானத்தை வாங்குகிற நினைப்பில். ஆமாம் ஐயா, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்றேன். சட்டை என்ற வார்த்தை அன்றைக்கு அந்தப் படியில் யார் வாயிலிருந்தும் வரவில்லை, வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது என்றும் சொன்னேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அதிகாரி, மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு வெளிநாடு போன இடத்தில் பிடிபட்டிருந்தான். ஆயுள் தண்டனை கிடைத்தது. அப்பீல் போட்டிருக்கிறான். அவன் அறையில் ஹீட்டர் உண்டாம், வாரம் ஒரு டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்ப்பாராம். மதிலோரம் கிடந்தவர்களுக்கு யார் பார்த்தார்கள்? படத்தைத் தப்பாகத் திருப்பி ஒரு வருஷத்தை வீணாக்கியதற்குச் சிஐடிக்குக் கிடைத்தது ஒரு வரிக் கண்டிப்பு. ஓர் உயிரைப் படியில் நிறுத்தியதற்கு வேலை போனது. பெரிய வக்கீலுக்குப் பதவி உயர்வு.

அந்த நாட்டில் ஆட்சி மாறியதும் ஐஸ் ஃபேக்டரி மதிலோரம் தோண்டினார்கள். தம்பி கிடைத்தான். அக்கா போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். சிஐடியிடம் பேசவில்லை. படியில் எதிரே வந்தால் இருவரில் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

லிஃப்ட் ரிப்பேர்க்காரர் ஒருவர் எங்கள் கட்டடத்துக்கு வருவார், லிஃப்ட் பழுதாவதைவிட அதிகமான தடவை. மூன்றாம் மாடியில்தான் எப்போதும் கதவு சிக்கும். தம்பி பெண்டாட்டிக்கும் அவருக்கும் போன வருஷம் பதிவுத் திருமணம் நடந்தது. முன்நின்று நடத்தியது அக்காதான். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வெள்ளைக் கோட்டோடு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணப் பெண்ணுக்குச் சிஐடியைக் கூப்பிட ஆசை. அவ வந்தா நான் வரலை என்று அக்கா சொல்லிவிட்டார். அவள் வரவும் இல்லை. அதற்குள் டாக்டர் கிளினிக்கை விற்றுவிட்டு, இரண்டு பேரும் கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிபோயிருந்தார்கள். அங்கே அவள் நில அளவைக் கம்பெனியில் வரைபடம் போடுகிறாளாம்.

போன மாதம் அக்காவும் கிளம்பினார். அந்த நாட்டுக்கே, தம்பி இருந்த ஊருக்கே. அங்கே மருந்துக்கடை ஒன்றுகூட உருப்படியாக இல்லையாம். சாவியைக் கொடுக்க என்னிடம் வந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி, சிஐடியின் புது முகவரியைக் கேட்டார். எதற்கு என்று கேட்டேன், கேட்காமல் இருப்பேனா.

"இன்னும் ஒரு அறை பாக்கி இருக்கு," என்றார். சிரிக்கவில்லை.

எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடலோர ஊர் அவர் போகிற வழியில்கூட இல்லை. போனாரா இல்லையா என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை.